ஈரலில் கொழுப்பு, குடலில் புற்று: வன்னி கவனிக்கத் தவறும் ஓர் எச்சரிக்கை

வயிற்றுவலி, நெஞ்செரிவு, பித்தப்பைக் கல் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வயிற்றை ஸ்கான் செய்து பார்ப்பவர்களில் பலர் இப்போது எதிர்பாராத ஒரு வரியோடு வீடு திரும்புகிறார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்பதே அந்த வரி. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். "இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதான், எண்ணெயைக் குறையுங்கோ" என்பதோடு விளக்கமும் முடிந்துவிடும். வலி எதுவும் இல்லாததால் அந்தக் காகிதம் மற்றைய கிளினிக் கொப்பிகளோடு சேர்ந்து ஒரு பைக்குள் போய்விடுகிறது.

அதே வீடுகளில் இன்னொரு விடயமும் இதே அளவு இலேசாக எடுக்கப்படுகிறது. மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம் என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். உறைப்பைக் குறைப்பார்கள், கைவைத்தியம் செய்வார்கள், கடையில் ஒரு பூச்சு மருந்து வாங்குவார்கள். யாரிடமும் சொல்ல வெட்கப்படும் இடத்து நோய் என்பதால் மாதங்கள் கடந்துபோகும்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எங்கள் ஊர்களில் எவரும் நினைப்பதில்லை. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பல நாடுகளிலிருந்து வரும் ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி சொல்கின்றன. கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வன்னியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. இங்கு புற்றுநோயை முன்கூட்டியே தேடிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லை. கையில் இருக்கும் ஒரு ஸ்கான் அறிக்கையே பலருக்குக் கிடைக்கக்கூடிய முதல் எச்சரிக்கை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஹொங்கொங்கில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொலனோஸ்கோபி செய்யப்பட்டது. மலவாசல் வழியாகச் சிறு கமராவைச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்க்கும் பரிசோதனை இது. பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய சிறு முளைகள் கொழுப்பு ஈரல் இல்லாதவர்களில் ஐவரில் ஒருவரிடமும், கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடமும் காணப்பட்டன. கொழுப்போடு ஈரலில் அழற்சியும் சேர்ந்திருந்தவர்களில் பாதிப்பேரிடம் முளைகள் இருந்தன.

தென்கொரியாவில் ஏறத்தாழ 26,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017 இல் வெளியானது. கொழுப்பு ஈரல் உள்ள ஆண்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்த வீதம், அது இல்லாத ஆண்களைவிட இரு மடங்காக இருந்தது. பத்து ஆய்வுகளில் இடம்பெற்ற 1,80,000 இற்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த இன்னொரு பகுப்பாய்வும், சமிபாட்டுத் தொகுதியின் பல புற்றுநோய்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரையான அதிகரிப்பைக் காட்டியது.

இந்த எண்களைச் சரியாக விளங்கிக்கொள்வது முக்கியம். இரண்டு மடங்கு என்றவுடன் கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பாதிப்பேருக்குப் புற்றுநோய் என்று பயந்துவிடக் கூடாது. ஓர் உதாரணத்துக்கு, ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து ஒன்றரை மடங்கானால் அது பதினைந்து பேராகும். மிகுதி 985 பேருக்கு அந்த நோய் வராது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் குடல் புற்றுநோய் வரப்போவதில்லை. உண்மையில் அவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பு முதலான இருதய நோய்கள்தான்.

ஈரல் கொழுப்புத்தான் குடல் புற்றை உண்டாக்குகிறது என்றும் இன்னும் நிறுவப்படவில்லை. வயிற்றுப் பருமன், சலரோகம், உடலுழைப்புக் குறைவு, மதுபானம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணிகள். ஒரே மரத்தில் காய்த்த இரண்டு காய்களாகவும் அவை இருக்கலாம். அப்படியே இருந்தாலும் முதற்காயைக் கண்டவர் மரத்தைக் கவனிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

குடலுக்கும் ஈரலுக்கும் இடையிலான பாதை

குடலிலிருந்து வெளியேறும் இரத்தம் நேராக இருதயத்துக்குப் போவதில்லை. ஈரல் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குச் செல்கிறது. குடலில் வாழும் நுண்ணங்கிகளின் சமநிலை குலைந்து குடற்சுவர் பலவீனமடைந்தால், அங்கிருந்து கசியும் நச்சுப் பொருட்கள் ஈரலையே முதலில் தாக்கும். ஈரலும் சும்மா இருப்பதில்லை. அது சுரக்கும் பித்தம் குடலுக்குள் இறங்குகிறது. கொழுப்பு ஈரலில் பித்த அமிலங்களின் கலவை மாறுகிறது. மாறிய கலவை குடற்சுவரின் கலங்களை நீண்டகாலம் உறுத்தக்கூடியது.

இன்சுலினுக்கு இதில் பெரிய பங்குண்டு. ஈரலில் கொழுப்பு ஏறியவர்களின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. அதனால் சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சீனியைக் கட்டுப்படுத்தும் ஓமோன் மட்டுமல்ல, கலங்களைப் பெருகத் தூண்டும் ஓமோனும் கூட. குடலில் ஏற்கெனவே ஒரு முளை இருந்தால் அதன் வளர்ச்சிக்கு இது உதவும். இத்தனையும் வலியில்லாமல், ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. ஒரு முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவில் எடுக்கும். இந்தப் பத்தாண்டுகள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். முளையாக இருக்கும்போதே கண்டுவிட்டால் கொலனோஸ்கோபியின் போதே வெட்டி எடுத்துவிடலாம்.

உழைக்கும் உடலுக்கு வராது என்ற நம்பிக்கை

கொழுப்பு ஈரல் கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்பவர்களின் நோய் என்ற எண்ணம் எம்மவரிடம் உண்டு. நகர்ப்புறத்தில் நிலைமை மோசம் என்பது உண்மை. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் 2007 இல் ஆரம்பித்த ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானோரில் மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. ஏழு ஆண்டுகளின் பின் அதே குழுவினரை மீண்டும் பரிசோதித்தபோது ஐவரில் மூவருக்கு இருந்தது.

ஆனால் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு எம்மைக் கூடுதலாக யோசிக்க வைக்க வேண்டும். அங்கு பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். வறியவர்கள், உடலால் உழைப்பவர்கள். அவர்களிலும் 18 சதவீதமானோருக்குக் கொழுப்பு ஈரல் காணப்பட்டது. தெற்காசிய உடல்வாகு இதற்கு ஒரு காரணம். கை கால் மெலிந்திருக்கும்போதே எமக்கு வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்துவிடும். அதனால்தான் எம்மைப் போன்றோருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

வன்னியில் உழைப்பின் தன்மையும் மாறிவிட்டது. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும்கூட மைல் கணக்கில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் திரிந்த சனம் இது. இன்று லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கிறது. வயலில் உழவும் வெட்டும் இயந்திரத்தின் வேலை. இதைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவோ இழந்த பின் கிடைத்த சிறு வசதி அது. ஆனால் உடல் அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சாப்பாடும் அப்படித்தான். இடம்பெயர்விலும், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும், மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலும் நிவாரணமாக வந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. உயிரைக் காத்தவை அவைதான். குரக்கனும் ஒடியலும் கீரையும் இருந்த இடத்தை அந்த நாட்களில் மாவும் சீனியும் பிடித்துக்கொண்டன. பின்னர் வந்த 2022 பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. முட்டையும் மீனும் பருப்பும் குறைந்த தட்டை சோறும் பாணும் சீனித் தேநீரும் நிரப்பின. வயிறு நிறைந்தது, ஆனால் ஈரலுக்குக் கொழுப்பாக மாற்றப் போதிய மாச்சத்தும் சேர்ந்தது. இவற்றோடு கசிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதுபானம் ஈரலில் கொழுப்பை ஏற்றுவதோடு பெருங்குடல் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது நிறுவப்பட்ட விடயம்.

பட்டினி விட்டுச் சென்றது

இன்னொரு கேள்வியையும் வன்னி கேட்க வேண்டியிருக்கிறது. நைஜீரியாவின் பயாஃப்ரா போரில், 1968 முதல் 1970 வரை முற்றுகைக்குள் சிக்கிய மக்கள் பெரும் பட்டினியை அனுபவித்தார்கள. அந்தக் காலத்தில் கருவிலும் கைக்குழந்தைகளாகவும் இருந்தவர்களை நாற்பது ஆண்டுகளின் பின் ஆய்வாளர்கள் தேடிப் பரிசோதித்தார்கள். 2010 இல் முடிவுகள் வெளியாகின. பஞ்சத்துக்குப் பின் பிறந்தவர்களைவிட அவர்களிடம் உயர் இரத்த அழுத்தமும், இரத்தத்தில் சீனிச் சமநிலைக் குறைபாடும், மேலதிக எடையும் கூடுதலாகக் காணப்பட்டன. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் பட்டினி கிடந்த நெதர்லாந்துத் தாய்மாரின் பிள்ளைகளிடமும் சீனிச் சமநிலைக் குறைபாடு பதிவாகியிருக்கிறது. கருவில் பஞ்சத்தை உணர்ந்த உடல் கிடைப்பதையெல்லாம் சேமிக்கப் பழகிக்கொள்கிறது. பிற்காலத்தில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே எதிரியாகிறது.

2009 இன் முதல் ஐந்து மாதங்களில் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் கர்ப்பிணிகளாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்பு வயதை எட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சி அந்தப் பசியை நினைவுகூருகிறோம். அந்தப் பசி இந்தப் பிள்ளைகளின் உடலில் என்ன செய்திருக்கிறது என்பதையும் யாராவது அளந்து பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பயாஃப்ராவில் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேட்ட கேள்வியை இங்கு இப்போதே கேட்க முடியும்.

வழக்கமான பரிசோதனை எங்கே?

கொழுப்பு ஈரல் உள்ளவர்கள் குடல் புற்றுநோய் குறித்து என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் உடனே கொலனோஸ்கோபி செய்யத் தேவையில்லை. வயதுக்கேற்ற வழக்கமான பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்பதே மேற்கு நாடுகளில் கொடுக்கப்படும் அறிவுரை. அந்த நாடுகளுக்கு அது பொருத்தமானதும்கூட. இங்கிலாந்தில் 50 வயதானவர்களின் வீட்டுக்கே ஒரு சிறு பொதி தபாலில் வருகிறது. மலத்தில் ஒரு துளியைக் குச்சியால் தொட்டுக் குழாயில் இட்டுத் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இதே பரிசோதனை இலவசம்.

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே பதுங்குகுழியில் இருந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் ஸ்காபரோவிலும் மற்றவர் விசுவமடுவிலும் இருந்தால், ஐம்பது வயதில் ஒருவருக்கு அந்தப் பொதி வரும். மற்றவருக்கு வராது. இலங்கையில் குடல் புற்றுநோய்க்கான தேசிய அளவிலான முன்கூட்டிய பரிசோதனைத் திட்டம் இல்லை. இத்தனைக்கும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிலும் பெண்களிலும் முன்வரிசையிலுள்ள ஐந்து புற்றுநோய்களுக்குள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இடம்பிடித்திருக்கிறது. வழக்கமான பரிசோதனை என்ற ஒன்றே இல்லாத இடத்தில், அதைத் தவறவிடாதீர்கள் என்ற அறிவுரை யாருக்கும் உதவாது.

அறிகுறி தெரிந்த பின்னும் பாதை இலகுவானதல்ல. கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலை முற்றாகக் கழுவ வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். பரிசோதனைக்காக அங்கு போக வேண்டி வரும் ஒருவர், பேதி மருந்து குடித்த வயிற்றோடு விடியப்புறம் பஸ் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் தங்க உறவினர் இல்லாத, கூட வர ஆளில்லாத, குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை மருத்துவ அறிவுரைகள் எழுதுவோர் யோசிப்பதில்லை. திகதி கிடைத்தும் போகாமல் விடுவோரை அலட்சியக்காரர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சிகிச்சைக்கு முன்னரைப் போல மகரகமைக்கே ஓட வேண்டிய நிலை ஓரளவு மாறியிருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கிலிருந்து நடந்து வந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து செய்த நல்ல காரியம் அது. ஆனால் வைத்தியசாலை நோயாளியைத் தேடி வராது. ஆரம்பக் கட்டத்தில் கண்டால், அமெரிக்கக் கணக்குப்படி பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் ஏழில் ஒருவர்தான். இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை தெல்லிப்பழையில் அல்ல, கிராமத்துக் கிளினிக்கில்தான் தொடங்க வேண்டும்.

காயங்களோடு வாழ்பவர்கள்

போரில் காயமடைந்தவர்கள் சிலவற்றைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். கால் இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் உடலை அசைக்கும் வாய்ப்புக் குறைவு. எடை கூடாமலே அவர்களின் வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு மலம் கழிப்பதே ஒரு போராட்டம் என்பதால் இரத்தம் கண்டாலும் அது வழமையானது என்று விட்டுவிடுவார்கள். வயிற்று வலியும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இவர்களுக்கு ஸ்கானில் ஈரல் கொழுப்பு தெரிந்தால் சீனி, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை ஆகியவற்றைப் பார்ப்பது அவசியம்.

உடலில் எறிகணைச் சிதறல்கள் இன்னும் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலக்குடல் புற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. பயன்படுத்தப்படுகிறது. அந்த இயந்திரத்தின் காந்தம் உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும். வயிற்றில் முன்னர் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் குடல்கள் ஒட்டியிருந்து கொலனோஸ்கோபி கடினமாகலாம். அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கு, எப்போது, யாரால் காயம் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் சிலர் காயத்தையே மறைக்கிறார்கள். மருத்துவருக்குத் தேவை உடலுக்குள் உலோகம் இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமே.

இப்போதே செய்யக்கூடியவை

ஈரல் கொழுப்பு என்று அறிக்கை வந்தவர் முதலில் சீனி, கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பதை வயது, இரண்டு ஈரல் நொதியங்களின் அளவு, இரத்தச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து மருத்துவர் கணக்கிட்டுச் சொல்லலாம். விலை கூடிய இயந்திரம் இதற்குத் தேவையில்லை. எடை கூடியவர்கள் உடல் எடையில் ஐந்து சதவீதத்தைக் குறைத்தாலே ஈரலின் கொழுப்புக் குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்து சதவீதம் குறைத்தால் அழற்சியும் தணியும். சீனித் தேநீரையும் சோடாவையும் விடுவது, வெள்ளை அரிசியின் அளவைக் குறைத்துக் கீரையும் பயறும் குரக்கனும் சேர்ப்பது, நாளும் அரை மணிநேரம் வேகமாக நடப்பது, குடியை நிறுத்துவது ஆகிய நான்கும் ஈரலுக்கும் குடலுக்கும் ஒருசேர நன்மை தருபவை.

அடுத்ததாக, மலத்தில் இரத்தம், பல வாரங்கள் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமில்லாத மெலிவு, ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை, பெற்றோர் அல்லது சகோதரருக்குக் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூலமாகவும் இருக்கலாம். ஆனால் மூலம் என்பதைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும், நாமாகத் தீர்மானிக்கக் கூடாது.

மிகுதி அரசின் வேலை. 35 வயதைக் கடந்தோருக்கான தொற்றாநோய்க் கிளினிக்குகள் ஏற்கெனவே இயங்குகின்றன. அங்கு எடையும் சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே மேசையில் மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஈரல் கொழுப்போ சலரோகமோ உள்ள 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மலப் பரிசோதனையைப் பரீட்சார்த்தமாகவேனும் தொடங்கலாம். தூரத்திலிருந்து கொலனோஸ்கோபிக்கு வருபவரை முதல் நாளே விடுதியில் அனுமதித்துப் பேதி மருந்து கொடுக்கலாம். ஸ்கான் அறிக்கையோடு தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம். புலம்பெயர் உறவுகள் ஊருக்கு எதையாவது செய்ய விரும்பினால், தங்கள் வீட்டுக்குத் தபாலில் வரும் அந்தச் சிறு பொதியை வன்னிக்கும் கொண்டுவர உதவுவது நல்ல தொடக்கம்.

யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். பிரதேச வைத்தியசாலைகளும் கிளினிக்குகளும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருபவை. வடக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் மக்கள் தெரிவுசெய்த மாகாண சுகாதார அமைச்சர் ஒருவர் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்தும் நிர்வாகத்திடம், வாக்குக் கேட்டு வராதவர்களிடம், இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் வன்னியின் பெயரால் அமர்ந்திருப்பவர்கள் சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டு விவாதத்தில் இதைக் கேட்கலாம். போரில் தப்பிய சனத்துக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களில் இன்று நாற்பதுகளில் இருப்போர் அடுத்த பத்தாண்டுகளில் இந்தப் புற்றுநோய் கூடுதலாக வரும் வயதுக்குள் நுழைகிறார்கள். இப்போது கேட்டால்தான் அவர்களுக்கு உதவும்.